தோப்பு யார் பேரில் இருக்கிறது, பெரியவரே?

கொங்கு நாட்டில் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு கட்டுரைதான் உண்டு. அதைப் பலபேர் எழுதுகிறார்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் அது ஒருவர் புகைப்படத்தோடு வரும், கல்யாண மண்டப மேடையில் இன்னொருவர் வாயால் வரும், வாட்ஸ்அப்பில் யார் எழுதியதென்றே தெரியாமல் கைகூப்பும் படங்களோடு வரும். ஆள் மாறும், சரக்கு மாறாது. விவாகரத்து நம் மண்ணுக்கு ஒவ்வாதது; வக்கீல்கள் நுழைந்து குடும்பங்களைக் கெடுத்தார்கள்; பெரியவர்கள் பேசித் தீர்த்த காலத்தில் பெண்கள் நிம்மதியாக இருந்தார்கள்; இன்றைய பெண்ணுக்குப் பொறுமை இல்லை, ஜீவனாம்சத்தின் மேல்தான் கண். ஆனைமலைப் பக்கத்துப் பதிப்பில் மட்டும் மாசாணியம்மன் பெயரும் சேர்ந்துகொள்ளும். இதை எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துப் ‘பெரியவர்’ என்று கூப்பிடுவதில் எனக்குச் சங்கடமில்லை. அவர்களே தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். வாசகரும் இதைப் பலமுறை கேட்டிருப்பார், பந்தியில் இலை போடும் நேரத்தில் எதற்கு வம்பு என்று தலையாட்டியும் இருப்பார். தலையாட்டியதை ஒப்புதல் என்று பெரியவர் கணக்கெழுதிக்கொண்டதால்தான் இந்த எதிர்வினை.

‘நம் மண்’ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். மணமுறிவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அல்லது டெல்லி கொண்டுவந்தது, ஒருத்தனுக்கு ஒருத்தி என்பதே நம் வழக்கம் என்கிறார். எந்த நம்? இதே கோவை மாவட்டத்தில் அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சாதிகள் உண்டென்பது பெரியவருக்குத் தெரியாதா? தாலியைக் கழற்றிக் கொடுத்து, பரிசப் பணத்தைத் திருப்பிவைத்து, ஊர் முன்னால் தீர்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கட்டிக்கொண்டு கௌரவமாகப் பிழைத்த பெண்கள் அவருடைய வயலிலேயே களை எடுத்திருப்பார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டாரே தவிர, உங்கள் வழக்கம் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. 1955இல் இந்து திருமணச் சட்டத்தை எழுதியவர்கள் அவரைவிடக் கவனமானவர்கள். வழக்கத்தால் ஏற்பட்ட மணமுறிவு உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்று 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில் எழுதிவைத்தார்கள். மண்ணில் இல்லாத ஒரு வழக்கத்துக்குச் சட்டம் ஏன் வேலி போடுகிறது?

டெல்லி சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1949இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவை அனுமதிக்கும் சொந்தச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. அதற்கும் இருபது ஆண்டு முன்னால், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கும், ஒத்துவராத மணத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானம் போட்டது. அந்த இயக்கத்தை நடத்திய மனிதரின் ஊர் ஈரோடு. ஈரோடு எப்போது கொங்கை விட்டு வெளியேறியது என்று பெரியவர் தேதி சொன்னால் தெரிந்துகொள்வேன்.

மலையேறினால் கதை இன்னும் சங்கடம். காடர், முதுவர், மலசர், எரவாளர் என்று ஆனைமலைக்காட்டின் ஆதிக்குடிகளான பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டமே பொருந்தாது. அரசு தனியாக அறிவித்தாலொழிய அவர்கள் அதன் வெளியே என்று 2ஆம் பிரிவே சொல்கிறது. அவர்கள் கூடுவதும் பிரிவதும் அவரவர் வழக்கப்படி. ஆக, இந்த மண்ணில் எல்லோருக்கும் முந்தி வந்தவர்களும் பெரியவரின் ‘நம்’மில் இல்லை, வயலில் களை எடுத்தவர்களும் இல்லை. மிச்சம் இருப்பது யார்? பட்டா வைத்திருப்பவர்கள். அவர் மண் என்று சொல்வது சர்வே எண் போட்ட மண்ணை. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வக்கீல்கள். கோர்ட் வராந்தாவில் கட்சிக்காரரை வாய்தாவுக்கு வாய்தா கறக்கும் வக்கீல்கள் இல்லையா? இருக்கிறார்கள், நாலு வரியில் முடிகிற பிரச்சினைக்கு நாற்பது பக்க மனு போட்டு, மாமியார், நாத்தனார், நாத்தனார் புருஷன் வரை எதிர்மனுதாரராக்கி, சேர வாய்ப்பிருந்த இரண்டு பேரைச் சேரவே முடியாதபடி செய்தவர்களும் இருக்கிறார்கள். அதற்காகச் சட்டம் குடும்பத்தை உடைக்கத் துடிக்கிறது என்பவர் அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டாதவர். மணமாகி ஓராண்டு ஆகுமுன், விதிவிலக்கான கொடுமை இருந்தாலொழிய, விவாகரத்து மனுவே போடக்கூடாது. இருவரும் மனம் ஒத்துப் பிரிவதென்றாலும் ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்ன பிறகுதான் சிலருக்காவது மூச்சு வந்தது. பெரும்பாலான மனுக்களில் சேர்த்துவைக்க முயலவேண்டியது நீதிபதியின் கடமை என்கிறது 23ஆம் பிரிவு. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டமோ, வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்றே சொல்லி, ஆலோசகரை முன்னால் உட்காரவைக்கிறது. திரும்பச் சேர முடியாதபடி முறிந்துபோன மணத்தை அந்தக் காரணத்துக்காகவே கலைக்க நம் சட்டத்தில் இன்னும் இடமில்லை. சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் கேட்டது, மாநிலங்களவை 2013இல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, மக்களவையில் அது செத்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சாசனத்தின் 142ஆம் பிரிவின்கீழ் அப்படிக் கலைக்கும் அதிகாரம் தனக்கு உண்டென்று சொல்லிக்கொண்டது. தனக்குத்தான், பொள்ளாச்சி சார்பு நீதிமன்றத்துக்கு அல்ல. இவ்வளவு ஒட்டுப்போட்டுப் பிடித்துவைக்கும் சட்டத்தைப் பார்த்து ‘உடைக்கிறது’ என்றால், பெரியவருக்குப் பிடிக்காத விஷயம் வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

வக்கீல் ஃபீஸுக்குத் தோட்டத்தை விற்ற கதையை அவர் மேடையில் உருக்கமாகச் சொல்வார். இன்னொன்றை மறந்தும் சொல்லமாட்டார். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒரே காரணம் போதும். வருமான வரம்பு கிடையாது. வக்கீல், மனுச் செலவு, கோர்ட் கட்டணம் எல்லாம் இலவசம். வட்ட நீதிமன்றங்களை ஒட்டியே அதற்கென்று குழுக்கள் உண்டு, 15100 என்று தொலைபேசி எண் உண்டு. இலவச வக்கீல்கள் எல்லோரும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் சன்மானத்தைப் பார்த்தால் ஒரே தரமாக இருப்பது அதிசயம். வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் எஸ்டேட் தொழிலாளிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி என்பதும் உண்மை. ஆனால் செலவுதான் பெரியவரின் உண்மையான கவலையென்றால், கோயில் மலரின் பின்னட்டையில் சிமெண்ட் விளம்பரத்துக்குப் பக்கத்தில் அந்த ஐந்து எண்களை அச்சடிக்க எவ்வளவு ஆகும்?

இனி, அவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வாதம்: கோர்ட் பத்து வருஷம் இழுக்கும், நாங்கள் ஒரு சாயங்காலத்தில் முடிப்போம். முடிப்பார்கள், சந்தேகமில்லை. அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். வாசலில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஏழில் ஆண்கள், எட்டாவதில் அவர்களுடைய செல்போன்களும் சாவிக்கொத்துகளும். நடுவில் இருப்பவர் பையனுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. அவருக்கு இடப்புறம் இருப்பவர் பையன் வீட்டு நார் மில்லில் கூட்டு. வலப்புறம் இருப்பவருக்குப் பெண்ணின் அப்பா மூன்று லட்சம் தரவேண்டியிருக்கிறது. பெண் எங்கே? கதவுக்கு அந்தப் பக்கம், அம்மாவுக்குப் பின்னால். காபி வரும்போது ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “அம்மிணி, சித்தெ பொறுத்துக்கோ, ஆம்பளைன்னா அப்பிடி இப்பிடித்தான் இருப்பான், அனுசரிச்சுப் போ கண்ணு” என்பார். அதுதான் அவள் தரப்பு விசாரணை. இதற்கு ஒரு சாயங்காலம்கூட அதிகமில்லையா?

பேசி முடித்ததற்கு எழுத்து கிடையாது, மேல்முறையீடு கிடையாது, சொன்னபடி நடக்காவிட்டால் கேட்க ஆள் கிடையாது. ‘மாசம் இவ்வளவு தந்துடுவான், நான் பொறுப்பு’ என்ற பெரியப்பா மூன்றாம் மாதம் போனை எடுக்கமாட்டார். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்று சொன்னபோது சாதி மறுத்த மணங்களையும் கௌரவக் கொலைகளையும் மனத்தில் வைத்துத்தான் சொன்னது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பஞ்சாயத்து அந்த வகையல்ல, பாசத்தில் பேசுவது என்று பெரியவர் நழுவுவார் என்பதும் தெரியும். சரி, பாசம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாசத்தில் ஏன் ஒருமுறைகூட பையன் வீட்டுக்குச் செலவு வருவதில்லை?

மாசாணியம்மன் வாதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் பெரியவர் தன் காலைத் தானே வாரிக்கொள்கிறார். கோர்ட் எதற்கு, தாய் பார்த்துக்கொள்வாள் என்பது அது. உப்பாற்றங்கரையில் 17 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தத் தாயின் கதை என்ன? ஆற்றில் மிதந்து வந்த காயைத் தின்றாள் என்பதற்காக நன்னன் ஒரு பெண்ணைக் கொன்றான். குறுந்தொகையின் 292ஆம் பாட்டில் பரணர் அதைச் சொல்கிறார். அந்தப் பெண்தான் மாசாணி என்பது இவ்வூர் நம்பிக்கை. பெரியவர் தாண்டிப்போன விவரம் ஒன்று அந்தப் பாட்டில் உண்டு. 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்னில் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் ஏற்கவில்லை. அதாவது பேச்சுவார்த்தை நடந்தது; தாராளமான சமரசத் திட்டம் மேசைக்கு வந்தது; அதிகாரம் உள்ளவன் மாட்டேன் என்றான்; அவனுக்கு மேலே போய் முறையிட ஒரு மன்று இல்லாததால் பெண் செத்தாள். பேசித் தீர்ப்பதன் எல்லைக்கு இதைவிடப் பழைய சாட்சி தமிழில் கிடைக்குமா என்பது சந்தேகம், அதையே பெரியவர் தன் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார். இன்றும் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூச வருகிறவர்களைப் பார்த்து அவர் பக்தி என்று சிலிர்க்கிறார். மனுஷனிடம் சொல்லிப் பார்த்து ஒன்றும் நடக்காதவர்கள் சேரும் வரிசை அது. அதில் எத்தனை பேர் ஊர்ப் பஞ்சாயத்தில் தோற்று வந்தவர்கள் என்று ஒரு அமாவாசை நாளில் நின்று கேட்டுப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் பெரியவர் பிரிவுக்கு எதிரியா? அதுவும் இல்லை. இதுதான் இந்த வாதத்தின் பெரிய வேடிக்கை. அனுசரிப்பு உபதேசம் பலிக்காதபோது அதே ஏழு நாற்காலிகள் ஒரு முத்திரைத்தாளை வரவழைத்து, ‘இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, தாலியைக் கழற்றிவைக்கச் சொல்லி முடித்துவிடும். விவாகரத்து கூடாது, விடுதலைப் பத்திரம் கூடும். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டென்று வழக்கில் சொல்லி நிரூபித்தாலொழிய ஒன்றுமில்லை என்று 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணமுறிவு எங்கள் வழக்கத்திலேயே இல்லை என்று மேடையில் முழங்கியவர், எந்த முகத்தோடு கூண்டில் ஏறி, எங்கள் வழக்கத்தில் அது உண்டு என்று சாட்சி சொல்வார்?

தாளை நம்பிப் பையன் இரண்டாம் கல்யாணம் செய்கிறான். பெண் உள்ளூரில் அமையாது. தரகர் பாலக்காட்டுப் பக்கம் போவார். ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் மணப்பெண் பஞ்சம் வந்து, சொந்தச் சாதிக்குள் ஜாதகத்தின் கட்டம் கட்டமாகப் பார்த்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போனதும் சாதியே கேட்காமல் சம்பந்தம் பேசிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். மகள் ஒருத்தி தானாக ஒருவனைக் கைகாட்டும்போது மட்டும் அந்தத் தாராளம் எங்கே போய் ஒளிகிறது என்பது வேறு விஷயம். வந்த அந்தப் பெண்ணின் கதி? முதல் மணம் சட்டப்படி உயிரோடு இருப்பதால் இவள் மணம் செல்லாது. பிள்ளைகளுக்கு 16ஆம் பிரிவு பாதுகாப்புத் தரும். இவளுக்கு ஜீவனாம்சம் கிடைக்காது என்று 2005இலும், முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியிருந்தால் கிடைக்கும் என்று 2013இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது. ஒரு சாயங்காலத்தில் பெரியவர் முடித்துவைத்தது இரண்டு பெண்களின் வழக்காக இருபது வருஷம் நடக்கும். அந்தக் கோர்ட் தாமதத்தையும் அவர் தன் மேடைப் பேச்சில் உதாரணமாகச் சேர்த்துக்கொள்வார்.

பிரிவு பரவாயில்லை, கோர்ட் மட்டும் வேண்டாம் என்றால், கோர்ட்டில் அப்படி என்ன இருக்கிறது? கணக்கு இருக்கிறது.

சம்பந்தம் பேசும் நாளில் பையனின் சொத்துப் பட்டியலைக் கேட்டிருக்கிறீர்களா? ஆழியாற்றுப் பாசனத்தில் 18 ஏக்கர் தோப்பு, 45 நாளுக்கு ஒரு வெட்டு, நார் மில்லில் பங்கு, பொள்ளாச்சியில் வாடகைக்கு விட்ட கடை, கோவையில் வாங்கிப்போட்ட சைட்டு. இவ்வளவையும் ஒப்பித்தது பையனின் பெரியப்பாவேதான். மூன்று வருஷம் கழித்து மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டால், எதிர்மனுவில் அதே பையன் தகப்பனாருக்குத் தோட்டத்தில் ஒத்தாசையாக இருக்கும் ஏழை விவசாயி. தனக்கென்று சொத்து கிடையாது. கைச்செலவுக்கு அப்பா தருவதுதான் வருமானம். பேச்சு நாளில் ஒரு மரத்தைக்கூடத் தொடாத வேர்வாடல் நோய், கோர்ட் படியேறியதும் தோப்பு முழுக்கப் பரவிவிடும், மிச்ச மரங்களை வெள்ளை ஈ தின்றுவிடும். (நோய் நிஜம்; ஆனைமலை விவசாயிகள் அதில் நொந்துகிடக்கிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலைப் பிரமாணப் பத்திரத்துக்கு இரவல் வாங்குவதைத்தான் சொல்கிறேன்.) விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வரிக் கணக்கைக் காட்டு என்றும் மடக்க முடியாது.

இந்த நாடகத்துக்குத் திரை போடத்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்தது: ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும், பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை, பணம் மனு போட்ட தேதியிலிருந்து. கவனிக்க: பெண்ணும் தரவேண்டும்; மறைத்தால் அவளும் மாட்டுவாள். நல்ல வக்கீல் ஒருவர் செய்யும் முதல் வேலை உணர்ச்சிகரமாக மனு எழுதுவதல்ல. சிட்டா எடுப்பார், அடங்கல் பார்ப்பார், வில்லங்கச் சான்றில் தோப்பு கடைசியாக யார் பேரிலிருந்து யார் பேருக்குப் போனது, கல்யாணத்துக்கு முன்னா, நோட்டீஸ் வந்த மறுவாரமா என்று தேடுவார். பெரியவரின் வக்கீல் வெறுப்புக்கு மூலம் இந்த இடத்தில் இருக்கிறது. குடும்ப மானம் கோர்ட் ஏறுகிறது என்று அவர் புலம்புவதை மொழிபெயர்த்தால், தோப்புக் கணக்கு கோர்ட் ஏறுகிறது என்று வரும்.

பவுன் விஷயத்தில் இதே மறதி நேர்மாறாக வேலை செய்யும். மண்டபத்தில் நகையைத் தட்டில் பரப்பி, பவுன் எவ்வளவு என்று சுற்றி நின்ற பெண்கள் எண்ணி முடிக்கும்வரை சீர் முடியாது. அதையே திருப்பிக் கேட்டால் எண்ணியவர் ஒருவருக்கும் எண்ணிக்கை ஞாபகம் வராது. மனைவியின் சீதனம் கணவன் கையில் இருந்தாலும் அவளுடையதே, தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லி நாற்பது ஆண்டு ஆகிறது. சீதனம் கேட்டால் பேராசை. பிறந்த வீட்டில் பங்கு கேட்டால் அதற்கும் பேராசை, ‘அதான் சீர் செஞ்சு அனுப்பிட்டோமே’. ஆக, சீர் என்பது அங்கே போனால் அவர்களுடையது, இங்கே இருந்தால் அவள் பங்குக்கு ஈடு. அவள் கைக்கு எங்கேயும் வராத பொருள். தமிழ்நாடு 1989இலேயே மகளையும் கூட்டுக் குடும்பப் பங்காளியாக்கியது, மத்தியச் சட்டம் 2005இல் பின்தொடர்ந்தது, தகப்பன் எப்போது இறந்திருந்தாலும் அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குழப்பத்தைத் தீர்த்தது. இவ்வளவுக்கும் பிறகு அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்து மகள்கள் இன்னொரு வகை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது எதனால்? நாளைக்குப் புருஷன் வீட்டில் பிரச்சினை என்றால் திரும்பி வர இந்த வாசல் வேண்டுமே என்ற பயத்தில். அந்த வாசலில்தான் ஏழு நாற்காலிகள் கிடக்கின்றன.

பொய் வழக்குப் பேச்சுக்கு அதிக நேரம் வேண்டாம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான, பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு தவறாகப் பயன்படுத்தப்பட்டதுண்டு. உச்ச நீதிமன்றமே பலமுறை, 2024 டிசம்பரிலும், கண்டித்திருக்கிறது. யோசிக்காமல் கைது செய்யக்கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் கடிவாளமும் போட்டது. ஆனால் ஜீவனாம்ச மனு மானக்கேடு, குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்பது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது, சீதனம் கேட்டால் பேராசை என்று உரிமையியல் கதவு ஒவ்வொன்றையும் தானே சாத்திவிட்டு, அவள் மகளிர் காவல் நிலையத்துக்கு ஓடியதும் ‘பார்த்தீர்களா, போலீசுக்குப் போய்விட்டாள்’ என்பவரை என்ன சொல்வது? அவள் போவதற்கு வேறு எந்த வாசலைத் திறந்து வைத்திருந்தார்?

பொறுமை உபதேசத்துக்கு வருகிறேன். 2025 ஜூனில் அவினாசிப் பக்கம், மணமாகி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண் தகப்பனாருக்குக் குரல் பதிவுகளை அனுப்பிவிட்டு உயிரை விட்டார். 300 பவுனும் 70 லட்ச ரூபாய்க் காரும் கொடுத்ததாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். வழக்கு நடக்கிறது, குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்குக் கேள்வி சுற்றியிருந்த நம்மைப் பற்றியது. வசதி இருந்தது, படிப்பு இருந்தது. விவாகரத்துக்குத்தான் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவுக்கும் ஜீவனாம்சத்துக்கும் நீதிமன்றப் பிரிவினைக்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த வழிகள் இருப்பதாக இந்த மேற்கு மாவட்டங்களில் எந்த மேடை ஒரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறது? பெரியவரின் கட்டுரை எல்லா மலரிலும் வருகிறது. இது ஒரு மலரிலும் வருவதில்லை. அந்தச் செய்திக்குக் கண்ணீர் துடைத்த அதே கை, அடுத்த மாதம் வேறொரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்து இன்றைய பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று ஆரம்பித்ததா இல்லையா?

குழந்தைகளுக்காகச் சேர்ந்திருங்கள் என்பது அவருடைய கடைசி அம்பு. அது கொஞ்சம் கூரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பங்கு போடுவதில் எந்தச் சட்டமும் வெற்றி பெற்றதில்லை. ஆனால் பிள்ளை யாருக்கு என்ற கேள்வியில் பெரியவரின் மரபு என்ன சொன்னது? அப்பனுக்கு, அம்மா வெறும் வளர்ப்பவள். பெற்ற மகன் பேரில் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்துப் போதாது என்று ரிசர்வ் வங்கி திருப்பியனுப்பியதை எதிர்த்து வழக்காடி, தந்தை பொறுப்பில் இல்லாதபோது தாயும் இயற்கைக் காப்பாளரே என்ற தீர்ப்பை 1999இல் வாங்கியவர் கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர். பிறந்தது கோயம்புத்தூரில். நம் மண் என்று பெருமைப்பட ஆள் தேடுகிறவர் இவரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் சமரசத்துக்கு எதிரி அல்ல. பேசித் தீர்வதைப் பேசித் தீர்க்கட்டும். லோக் அதாலத் அதற்காகவே இருக்கிறது, அங்கே ஒத்துக்கொண்ட ஜீவனாம்சத்துக்குத் தீர்ப்பின் பலமும் உண்டு. பெரியவர் தன் பஞ்சாயத்தையே நடத்துவதென்றாலும் நடத்தட்டும். எட்டாவது நாற்காலியிலிருந்து செல்போன்களை எடுத்துவிட்டுப் பெண்ணை உட்காரவைக்கட்டும்; பக்கத்தில் ஒன்பதாவது போட்டுச் சட்டப் பணிகள் குழு வக்கீலை உட்காரவைக்கட்டும்; நார் மில் கூட்டாளியும் கடன் கொடுத்தவரும் எழுந்து போகட்டும்; நகைப் பட்டியலும் தோப்பின் சிட்டாவும் மேசைக்கு வரட்டும்; பேசியதை அன்றைக்கே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு லோக் அதாலத்தில் பதியட்டும். சம்மதமென்றால் முதல் ஆளாக நான் வந்து காபி ஊற்றுகிறேன்.

சம்மதமில்லையென்றால், மேடையில் அடுத்த முறை மைக் கையில் வரும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்: உங்கள் சொந்த மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது எந்த வருஷம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில்?